எண்ணும் எண் மயக்கமும்

கிளமெண்டி ரயில் நிலையத்தினின்று கடைத்தெருப் பக்கம் செல்வோர், புதன், சனி, ஞாயிற்றுக் கிழமைகளில், நான்கிலக்கச் சீட்டுக்கு வரிசையாக நிற்கும் கூட்டத்தைக் காணலாம். நம்மவர்க்கும் அங்கே குறைவில்லை. கனவில் வந்த வீட்டெண், விபத்தில் நொறுங்கிய காரின் எண், இறந்தவர் படுத்திருந்த கட்டிலெண் ஆகியவையெல்லாம் ராசியான எண்களாம்! பால்மரத் தோட்டங்களிலும் இம்மயக்கம் இல்லாமலில்லை.

அண்மையில் அன்பரொருவர் 1729 என்னும் எண்ணை மெச்சினார். இலக்கங்களைக் கூட்டினால் 19, மீண்டும் கூட்டினால் 10, பின்னும் கூட்டினால் 1, ஒன்று சூரியனுக்குரியதாம். சோதிடர் கூட்டலோடு நின்றுவிட்டார். அந்த 19ஐத் திருப்பி எழுதினால் 91. இரண்டையும் பெருக்கினால் அதே 1729! இவ்வியல்புடைய எண்கள் 1, 81, 1458, 1729 என நான்கே.

இவ்வெண்ணுக்குப் புகழ் தந்தவர், ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். இலண்டனிலுள்ள பட்னியில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் எண் 1729 சுவையற்றதாகத் தோன்றிற்றென்றும், அது தீய சகுனமாகாதென நம்புவதாகவும் கூறினார். ஹார்டியோ கடவுள் நம்பிக்கையற்றவர். விளையாட்டாகவே சொல்லியிருக்கவும் கூடும். நாமகிரித் தாயாரை வழிபட்ட இராமானுஜனோ சகுனத்தைத் தொடவேயில்லை. இரு கன எண்களின் கூட்டாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்றார். 12இன் கனமும் 1இன் கனமும் சேர்ந்தால் 1729. 10இன் கனமும் 9இன் கனமும் சேர்ந்தாலும் அதுவே. பக்தி வேறு, கணக்கு வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் அறியோம்.

இன்னுமொரு விந்தையுண்டு. பகா எண்ணொன்றை எடுத்து, எந்த எண்ணையும் அத்தனை முறை தன்னோடு பெருக்கி, அப்பகா எண்ணால் வகுத்தால், முதலெண்ணை அதே பகா எண்ணால் வகுக்கும்போது வரும் மீதியே வரும். 1729ஓ 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கம், பகா எண்ணன்று. ஆயினும் இச்சோதனையில் எல்லா எண்களுக்கும் தேறிவிடும்! இத்தகைய வேடதாரிகளுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105 இவற்றையடுத்து மூன்றாவது இதுவே. காரணம் எளிது: 7, 13, 19 இவற்றில் ஒவ்வொன்று குறைத்தால் 6, 12, 18, மூன்றும் 1728ஐ மிச்சமின்றி வகுக்கும்.

இத்தனை சிறப்புடைய எண்ணுக்குச் சீட்டுக் குலுக்கலில் தனிச் சலுகை உண்டோ? 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள்; பரிசு 23. 'பெரிய' பந்தயத்தில் எல்லா எண்ணுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் செலவு 10,000 வெள்ளி. வரவு: முதற்பரிசு 2000, இரண்டாவது 1000, மூன்றாவது 490, 250 வீதம் பத்து, 60 வீதம் பத்து. ஆக 6590. மிச்சம் 3410 வெள்ளி திரும்பாது. அதில் ஒரு பகுதி அறப்பணிக்குச் செல்வது மெய்யே. அறஞ்செய்ய விரும்புவார் நேரே செய்யலாமன்றோ?

வாரம் மூன்று குலுக்கலுக்கும் பத்துப் பத்து வெள்ளி கட்டுபவர் ஆண்டுக்கு 1560 வெள்ளி கட்டுகிறார். சராசரிக் கணக்கில் அவர் வீட்டினின்று போவது 532 வெள்ளி. எண் 1729 ஆயினும் சரி, 1730 ஆயினும் சரி.