நெருஞ்சி முள் விரட்டும் ஊர்... பாய்ஸியில் சைக்கிள் டயர் தப்பிப்பது எப்படி?

காலில் நெருஞ்சி முள் தைத்தால் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே சிறு நெருஞ்சிதான் அமெரிக்காவில் ஒரு நகரத்தின் சைக்கிள்காரர்களைக் கோடைதோறும் பாடாய்ப் படுத்துகிறது. அந்த ஊர், ஐடஹோ மாநிலத்தின் தலைநகரமான பாய்ஸி.

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே அமைந்தது போன்ற ஊர் அது. நகரின் நடுவே ஓடும் பாய்ஸி ஆற்றின் கரையோரமாக, சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு 'க்ரீன்பெல்ட்' பாதை. இன்னொரு பக்கம், வீடுகள் முடியும் இடத்திலேயே குன்றுகள் தொடங்கிவிடுகின்றன. அங்கே 300 கி.மீ-க்கும் அதிகமான மண் பாதைகள். வேலை முடிந்து கிளம்பினால், இருட்டுவதற்குள் குன்றேறி இறங்கி வீடு திரும்பிவிடலாம்.

திரும்பிவிடலாம்... வழியில் பஞ்சர் ஆகாமல் இருந்தால்!

ஆட்டுத்தலை முள்

நெருஞ்சிக்கு அங்கே 'கோட்ஹெட்' என்று பெயர். அதாவது ஆட்டுத்தலை. முள்ளை உற்றுப் பார்த்தால் இரண்டு கொம்புகளுடன் ஆட்டின் முகம் போலவே இருக்கும். காய் காய்ந்ததும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். எந்தத் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே நிமிர்ந்து நிற்கும்.

குன்றுகளின் உச்சியில் இந்தச் செடி அதிகம் இல்லை. தெருவோரம், வண்டி நிறுத்துமிடம், காலி மனை, பாதையின் விளிம்பு என மனிதர்கள் கிளறிவிட்ட மண்ணில்தான் படர்கிறது. அதில்தான் சிக்கலே. முள் ஏறுவது தெருமுனையில். காற்று இறங்குவது குன்றின் பாதி வழியில். வெயில் கொளுத்தும் மதியத்தில், தண்ணீரும் தீர்ந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்குவது விளையாட்டல்ல.

அதனால்தான் பாய்ஸியில் மலை சைக்கிள் வைத்திருப்பவர்கள் டியூப்லெஸ் டயருக்கு மாறுகிறார்கள்.

ஸ்கூட்டர் டியூப்லெஸ் வேறு, இது வேறு

ஸ்கூட்டர் டயர் தடிமனானது. அது தானாகவே காற்றைப் பிடித்துக்கொள்ளும். மலை சைக்கிளின் டயர் மெல்லியது. அதற்குள் 'சீலன்ட்' என்ற பால் போன்ற திரவத்தை ஊற்ற வேண்டும். முள் குத்தியதும் காற்றோடு சேர்ந்து இந்தத் திரவம் ஓட்டைக்குப் பாயும். அங்கேயே உறைந்து அடைத்துவிடும். ஓட்டுபவருக்குப் பல நேரம் முள் குத்தியதே தெரியாது.

டயர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, டயர், ரிம் இரண்டுமே 'டியூப்லெஸ் ரெடி'யா என்பது. 29 அங்குல ரிம்முக்கு 29 அங்குல டயர்தான். அகலம் 2.3 அல்லது 2.4 அங்குலம் இருந்தால் பெரும்பாலான மண் பாதைகளுக்குப் போதும். பாய்ஸிக் குன்றுகளில் தரை இறுகியிருக்கும். அதன்மேல் மணல் குருணை போல உருளும். திருப்பங்களில் வழுக்காமல் இருக்க, முன்சக்கரத்துக்கு ஆழமான பட்டன்கள் கொண்ட டயரும், பின்சக்கரத்துக்குச் சற்றே தட்டையான, வேகமாக உருளும் டயரும் நல்ல ஜோடி.

மாட்டுவது எப்படி?

* ரிம்மின் உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டேப் ஒட்டாது.

* ரிம்மின் உள் அகலத்தைவிடச் சில மில்லிமீட்டர் அகலமான டியூப்லெஸ் டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும். சுருக்கமோ காற்றுக் குமிழோ இருந்தால் அந்த வழியாகக் காற்று கசியும்.

* டேப்பில் சிறு துளையிட்டு வால்வைச் செருகி, அதன் நட்டை விரலாலேயே முடுக்க வேண்டும். குறடால் முடுக்கினால், அவசரத்துக்குப் பாதையில் கழற்ற முடியாது.

* டயரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸரால் காற்றை வேகமாக ஏற்ற வேண்டும். 'டப்... டப்' என்ற சத்தம் கேட்டால், விளிம்பு ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது.

* பிறகு காற்றை இறக்கி, வால்வின் நடுப்பகுதியைக் கழற்றி, சக்கரத்துக்கு சுமார் 100 மி.லி. சீலன்ட் ஊற்ற வேண்டும். மீண்டும் காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு வாளியின்மேல் இருபுறமும் மாற்றி மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்.

டியூப் இருக்கும்போது காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை போட்டுவிடும். டியூப்லெஸ்ஸில் அந்தப் பயம் இல்லை. அதனால் 20 முதல் 28 பி.எஸ்.ஐ. வரை வைத்துக்கொண்டு, தரையைக் கவ்வியபடி ஓட்டலாம். உடல் எடை கூடுதலானால் காற்றும் கூட வேண்டும். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்துக்குச் சற்று அதிகம்.

மறந்தால் மாட்டிக்கொள்வீர்கள்

மாட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். பாய்ஸி போன்ற வறண்ட, வெயில் ஊர்களில் இன்னும் சீக்கிரம். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றாவிட்டால், வெறும் டயரில்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பெரிய கிழிசலை சீலன்ட் அடைக்காது. எனவே ஓட்டை அடைக்கும் ரப்பர் திரி, கைப்பம்பு, ஒரு டியூப் மூன்றும் பையில் இருக்க வேண்டும். அந்த டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்ப்பது மிக முக்கியம். சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்துவைத்த பழைய நெருஞ்சி முனைகள் அங்கே வரிசையாகக் காத்திருக்கும். பார்க்காமல் போட்டால், புது டியூப் அடுத்த நிமிடமே பஞ்சர்!

டயரால் தீராத கணக்கு

நெருஞ்சியைத் தின்னும் கூன்வண்டுகளை 1961-ல் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். குளிர் அதிகமான இடங்களில் வண்டுகள் மடிகின்றன. நெருஞ்சியோ விதையாக மண்ணுக்குள் கிடந்து மறுபடி முளைக்கிறது.

கடைசியில் ஊர்க்காரர்களே களத்தில் இறங்கினார்கள். 2018-ல் 'பாய்ஸி கோட்ஹெட் ஃபெஸ்ட்' என்ற சைக்கிள் திருவிழா பிறந்தது. வேஷம் கட்டிக்கொண்டு சைக்கிள் ஊர்வலம் போவது ஒரு பக்கம். திருவிழாவுக்கு முன்பே, மஞ்சள் பூ காயாகி முற்றுவதற்குள், கையுறை மாட்டிக்கொண்டு செடியை ஆணிவேரோடு பிடுங்கி மூட்டை கட்டுவது இன்னொரு பக்கம்.

டியூப்லெஸ் டயர், அதை வாங்க முடிந்தவரின் பஞ்சரைத்தான் தீர்க்கும். பழைய சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், வெறுங்காலில் பின்னால் ஓடிவரும் நாய்க்கும் சீலன்ட் கிடையாது. பிடுங்கப்பட்ட ஒவ்வொரு செடியும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்!