மூணு வாரம் முன்னாடி பட்ட அடி

ஹீமோபிலியா. படிச்சதும் "ரத்தம் உறையாத பரம்பரை நோய்தானே?"ன்னு நினைச்சிருப்பீங்க. அது ஹீமோஃபிலியா. நடுவில் ஒரே ஒரு ஆய்த எழுத்துதான் வித்தியாசம், ஆனால் விஷயம் முற்றிலும் வேறு. ஹீமோபிலியா என்றால் பித்தநாளத்துக்குள் ரத்தம் கசிவது. 1948-ல் பிலிப் சாண்ட்ப்ளோம் என்ற ஸ்வீடன் சர்ஜன் வைத்த பெயர்.

இது நமக்கு எதுக்குன்னு கேக்குறீங்களா? பைக் ஓட்டுற எல்லாருக்கும் இது தேவை. சிக்னல் ப்ராசஸிங் படிக்கிறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவை.

கல்லீரலுக்குள் தமனியும் பித்தநாளமும் ஒரே உறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஹேண்டில்பார் வயிற்றில் பலமா இடிச்சு தமனியின் சுவர் கிழிந்தால், அந்த இடம் மெதுவாக பலூன் மாதிரி உப்பலாம். இதற்கு சூடோ அனியூரிஸம் என்று பெயர். அது பித்தநாளத்துக்குள் உடைந்தால் ரத்தம் பித்தத்தோடு கலந்து குடலுக்கு வந்துவிடும். அடிபட்ட அன்னைக்கே இது நடக்கணும்னு இல்லை. சில நாட்கள், சில வாரங்கள் கழித்தும் நடக்கும். அதற்குள் வலி போயிருக்கும், நாமும் விழுந்ததை மறந்திருப்போம்.

வலது மேல்வயிற்றில் வலி, மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி அல்லது கருப்பு மலம். இந்த மூன்றும்தான் அடையாளம். ஆனால் மூன்றும் சேர்ந்து வருவது குறைவு. ரத்த வாந்தி மட்டும் வந்தா எல்லாரும் முதலில் அல்சர்னுதான் நினைப்பாங்க.

சரி, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா? அங்கேதான் சிக்கல். அல்ட்ராசவுண்ட் ப்ரோப் வயிற்றுக்குள் சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. பித்தம் ஒரே சீரான திரவம், எதிரொலி வராது, அதனால் கருப்பாகத் தெரியும். பித்தக்கல் வெள்ளையாக மின்னும், அதன் பின்னால் ஒரு நிழல் விழும். உறைந்த ரத்தம் சாம்பல் நிறத்தில், நிழல் இல்லாமல் தெரியும். ஆனால் கெட்டியாகிப்போன பித்தமும் கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும்! பிக்சல் வேல்யூவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

அடுத்த ஆயுதம் கலர் டாப்ளர். உப்பிய தமனிக்குள் ரத்தம் சுழல்வதால் ஒரே வட்டத்தில் பாதி சிவப்பு, பாதி நீலம் தெரியும். ஆனால் அதை ஆன் செய்து, சரியான இடத்தில், சரியான கோணத்தில் தேட வேண்டும். ஒலி ரத்த ஓட்டத்துக்குச் செங்குத்தாகப் போனால் காஸ் 90 பூஜ்யம், டாப்ளர் ஷிஃப்ட்டும் பூஜ்யம். அதனால் ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் ஹீமோபிலியா இல்லைன்னு சொல்லிட முடியாது. சந்தேகம் இருந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். கசியும் தமனியைக் கண்டுபிடித்தால், கதீட்டர் வழியாகவே அடைத்துவிடவும் முடியும்.

அந்தச் சந்தேகம் எங்கிருந்து வரும்? "மூணு வாரம் முன்னாடி வண்டில இருந்து விழுந்தேன்" என்ற ஒரு வரியில் இருந்து. நாம படிச்ச பேயஸ் தியரத்தில் வரும் பிரையர் இதுதான். படம் மாறவில்லை, ஆனால் அதற்கான அர்த்தம் மாறிவிட்டது. விழுந்தது மட்டுமில்லை, கல்லீரல் பயாப்ஸி எடுத்திருந்தாலும் சொல்லணும். இப்போது ஹீமோபிலியா அதிகம் வருவது அந்த மாதிரி மருத்துவச் செயல்முறைகளுக்குப் பிறகுதான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மெடிக்கல் இமேஜ் எடுக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க டேட்டாசெட்டில் இமேஜும் லேபிளும் மட்டும்தான் இருக்கா, பாருங்க. நோயாளிக்கு முன்னாடி என்ன நடந்தது என்ற காலம் இல்லாவிட்டால், உங்க மாடல் எவ்வளவு அக்யூரசி காட்டினாலும் இந்த மாதிரி கேஸில் திணறும். ரிவ்யூவில் அந்த வரம்பையும் சேர்த்துச் சொல்லுங்க.

ப்ராஜெக்ட் பண்ணாதவங்களுக்கு வேலை இன்னும் சுலபம். நண்பனை வயிற்று வலின்னு ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனா, அவன் போன மாசம் விழுந்ததை டாக்டரிடம் சொல்லுங்க. அவர் கேட்கும்வரை காத்திருக்காதீங்க.