டிவிடெண்ட் தராத பங்கு

உங்களிடம் ஒருவர் வந்து, "சார், எங்கள் கம்பெனி ஷேர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை முந்நூறு டாலர். டிவிடெண்ட் கிடையாது. விலை ஏறவே ஏறாது. யாருக்கும் விற்கவும் முடியாது. வருமான வரியில்கூட ஒரு பைசா கழிக்க முடியாது" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

தண்ணீர் கொடுத்து, ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து அனுப்புவீர்கள். பி.காம். படித்த நானும் அதைத்தான் செய்வேன்.

ஆனால், இந்த ஷேரை 5 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாங்கி, சட்டம் போட்டு, ஹாலில் தாத்தா போட்டோ மாட்டுகிற இடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பே என்கிற ஊரில் இருக்கும் ஃபுட்பால் டீமின் ஷேர் அது. டீமின் பெயர் கிரீன் பே பேக்கர்ஸ்.

பேக்கர்ஸ் என்றதும் ஏதோ ரொட்டிக் கடைக்காரர்கள் ஆரம்பித்தது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இல்லை. இது 'பேக்' செய்கிற பேக்கர்ஸ். 1919-ல் கர்லி லாம்போ என்கிற இளைஞர் டீம் ஆரம்பித்தபோது, அவர் வேலை பார்த்த இறைச்சி பேக்கிங் கம்பெனி சட்டை வாங்கக் காசு கொடுத்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. 1923-ல் கையில் காசில்லாமல் தள்ளாடியபோது, ஊர்க்காரர்களிடம் ஐந்து ஐந்து டாலருக்குப் பங்கு விற்றுப் பிழைத்தார்கள். அதன்பின் 1935, 1950, 1997, 2011, 2021 என்று மொத்தம் ஆறு தடவை. மற்ற டீம்களுக்கெல்லாம் கோடீஸ்வர முதலாளிகள். ஒரு லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை உள்ள இந்த ஊர் டீமுக்கு மட்டும் முதலாளி, பொதுஜனம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கை அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறாள். 2016 நவம்பரில் ஒரு மாதம் போய் இருந்தேன். ஊரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைக்காரன் ஊரில் இல்லாமல் இருக்கக்கூடாத மாதம். என்ன செய்வது, டிக்கெட் போட்டது ஜூனில்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். பேப்பர் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி போய் இரண்டு வருஷம். தனி ஆள். தங்கை சாம்பார் கொடுத்தால் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, "சூப் பிரமாதம்" என்பார். அவர் வீட்டு ஹாலில்தான் அந்த ஷேர் சர்டிஃபிகேட்டைப் பார்த்தேன். 1997-ல் 200 டாலர் கொடுத்து வாங்கியது. அன்றைய கணக்கில் நம் காசு ஏழாயிரத்துக்கு மேல்.

"இதனால உங்களுக்கு என்ன சார் லாபம்?" என்று கேட்டேன். படித்த படிப்பு அப்படி.

"வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டேடியத்துல மீட்டிங் நடக்கும். போய் ஓட்டுப் போடலாம்" என்றார்.

நம்மூர் ஏ.ஜி.எம்.மிலாவது ஒரு ஸ்வீட், ஒரு காரம், காபி உண்டு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் எனக்குப் புரியவில்லை. தங்கை பையன், ஏழு வயசு, அவன்தான் குருநாதர். "மாமா, நாலு சான்ஸ். அதுக்குள்ள பத்து கெஜம் முன்னால போகணும். போயிட்டா இன்னொரு நாலு சான்ஸ். போகலைன்னா பந்தை அவங்ககிட்ட குடுத்துடணும். அவ்வளவுதான்." கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு பாயிண்ட். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. ஃபுட்பால் என்று பெயரே தவிர, காலுக்கு வேலை குறைச்சல்.

நாம் கவனிக்கவேண்டியது வேறு. நம் கிரிக்கெட் மாதிரி வருஷம் பூராவும் ஆட மாட்டார்கள். செப்டம்பரில் ஆரம்பிக்கும். வாரத்துக்கு ஒன்றுதான். அப்போது மொத்தமே 16 ஆட்டம் (2021 முதல் 17). ஜனவரி பிறந்ததும் லீக் முடிந்துவிடும். தேறினவர்கள் பிளேஆஃப் ஆடுவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோற்றால் அடுத்த ஞாயிறு வரை ஊரே வயிற்றுவலிக்காரன் முகத்தோடு அலையும். நான் போனபோது அந்த முகம்தான் ஊருக்கு.

வரிசையாக மூன்று தோல்வி. கடைசியாக டென்னஸியிடம் 47-25. நவம்பர் 20, ஞாயிறு ராத்திரி, நாலாவது. வாஷிங்டனிடம் 42-24. பெரியவர் வீட்டு சோபாவில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். பத்து ஆட்டத்தில் நாலு வெற்றி, ஆறு தோல்வி.

ஆட்டம் முடிந்ததும் போன் அடித்தது. எடுத்தார். "ஆமாம்... டிஃபென்ஸ் சரியில்லை... ஆமாம்... சரி, குட்நைட்." மூன்று நிமிஷம்கூட இருக்காது. வைத்துவிட்டு ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன். சிகாகோவுல இருக்கான்" என்றார்.

அப்புறம் சொன்னார். ரயிலில் எதிர் சீட்டுக்காரனிடம் வீட்டுக் கதையெல்லாம் கொட்டுவோமே, அப்படி. வெளியூர்க்காரன் என்றால் ஒரு தைரியம். அந்த வருஷத் தேர்தலில் அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். வார்த்தை தடித்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் நடுவில் புகுந்து நிறுத்தியிருப்பார். மகன், "இனிமே உங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டான். ஆனால், ஆட்டம் முடிந்ததும் அப்பாவுக்கு போன் பண்ணுவது அவனுக்குக் காலேஜ் நாளிலிருந்து பழக்கம். அதை மட்டும் விடவில்லை. அதைத் தவிர வேறு பேச்சில்லை.

"இன்னும் ஆறு ஆட்டம்" என்றார் பெரியவர். "இப்படியே போனா ஜனவரி ஒண்ணாம் தேதியோட சரி. அப்புறம் செப்டம்பர் வரைக்கும் அவன் எதுக்குக் கூப்பிடுவான்?"

யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் டீம் ஜெயிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறது. இவர் சீசன் நீளவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் பேக்கர்ஸின் நட்சத்திரம் ஏரன் ராட்ஜர்ஸ் பத்திரிகைக்காரர்களிடம், மீதி எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துவிடலாம் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். தொடர்ந்து நாலு தோற்றவன் சொல்கிற பேச்சா? டி.வி.யில் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

28-ம் தேதி ஃபிலடெல்பியாவை 27-13 என்று ஜெயித்தார்கள். போன் வந்தது. எட்டு நிமிஷமாம். மறுநாள் காலை வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து கணக்குச் சொன்னார்.

டிசம்பர் 4, ஹூஸ்டனோடு ஆட்டம். உள்ளூர் லாம்போ ஃபீல்டில். "வர்றியா? ஒரு சீட் காலி" என்றார். நீங்கள் சும்மா நினைத்துவிடக்கூடாது. அந்த ஸ்டேடியத்தில் 81,000 பேர் உட்காரலாம். ஆனால் 1960-லிருந்து சீசன் டிக்கெட் முழுக்க விற்றுப்போனதுதான். வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள். குழந்தை பிறந்ததும் பெயர் வைத்து, அந்தப் பெயரை முதலில் இந்த லிஸ்ட்டில் எழுதிவைப்பவர்கள் உண்டு. முப்பது வருஷம் கழித்து டிக்கெட் வரலாம்.

அந்தக் காலி சீட் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியெல்லாம் கிடையாது, அலுமினிய பெஞ்ச். இரண்டு பனியன், இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் தங்கை வீட்டுக்காரர் கோட், மங்கி குல்லா. பக்கத்தில் இருந்த அம்மா சீஸ் துண்டு மாதிரியான மஞ்சள் ஸ்பாஞ்ச் தொப்பியை என் குல்லா மேல் கவிழ்த்தார். பக்கத்து மாநிலக்காரர்கள் விஸ்கான்சின்காரர்களை, 'சீஸ் மண்டை' என்று கேலி பண்ணுவார்களாம். 1987-ல் ஒருவர் அம்மாவின் பழைய சோபா ஸ்பாஞ்சை வெட்டித் தொப்பியாக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். திட்டு, கிரீடமாகிவிட்டது.

21-13. ஜெயித்தார்கள். ஸ்டேடியத்தைவிட்டு வரும்போதே பெரியவரின் பாக்கெட்டில் போன் அடித்தது. கையுறையைக் கழற்ற முடியாமல் பல்லால் இழுத்துக் கழற்றினார். "உன் சீட்டுல ஒரு இந்தியன் உட்கார்ந்திருந்தான். ராசியான ஆள்" என்று சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வராமல் தப்பிக்கத்தான் இவ்வளவு நேரம் அமெரிக்காவைச் சுற்றினேன்.

நம் பாஷையில் 'பங்கு' என்றால் ஷேர். 'பங்காளி' என்றால்? அண்ணன், தம்பி, பெரியப்பா மகன். கூடவே, கோர்ட் வாசலில் எதிரே நிற்பவன் என்றும் ஓர் அர்த்தம்! பங்கில் லாபம் இருந்தால் பங்காளிச் சண்டை வரும் என்பது தமிழனுக்குப் பரம்பரை அனுபவம்.

எனக்கும் அண்ணனுக்கும் 2011-ல் பேச்சு நின்றது. அப்பா இறந்தபின் மாயவரம் வீட்டு விஷயம். அண்ணன்தான் வாடகை வாங்கி, வரி கட்டி, மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பி.காம். அல்லவா? வரவு, செலவு என்று கோடு போட்டு, நாலு பக்கக் கணக்கு எழுதி, 11,640 ரூபாய் இடிக்கிறது என்று தபாலில் அனுப்பினேன். கணக்கு சரிதான். இப்போதும் சொல்கிறேன், ஒரு பைசா தப்பில்லை. அண்ணன் பதில் போடவில்லை. மறுமாதம் 11,640 ரூபாய்க்கு டி.டி. வந்தது. அத்தோடு சரி. ஐந்து வருஷம்.

1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோமே, நினைவிருக்கிறதா? சச்சின் 136 அடித்தும் தோற்றோம். அன்று ராத்திரி மாயவரத்தில் நானும் அண்ணனும் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்கே வந்து திட்டினாள். அந்த அண்ணன்தான்.

நான் சென்னை திரும்பி சில நாளில் வர்தா புயல் அடித்தது. தெருவெல்லாம் மரம். அது ஓய்ந்த அடுத்த வாரம், அதே சேப்பாக்கம். டிசம்பர் 19, இங்கிலாந்துக்கு எதிராக கருண் நாயர் 303 நாட் அவுட். டி.வி. முன்னால் தனியாக எழுந்து நின்று கைதட்டினேன். கை தானாகவே போனை எடுத்தது. வேண்டுமென்று எடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

"அண்ணே... பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் பேச்சில்லை. டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேவாக் 319 அடிச்சதும் இதே கிரவுண்டுதான்" என்றார். அப்புறம் கொஞ்சம் விட்டு, "புயல்ல உன் வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லைண்ணே."

"சரி." வைத்துவிட்டார். பெரியவர் மாதிரி நானும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் பத்து விநாடி பேசியிருந்தோம்.

பேக்கர்ஸ் என்ன ஆனார்கள் என்கிறீர்களா? ராட்ஜர்ஸ் சொன்னபடியே ஆறையும் ஜெயித்தார்கள். ஜனவரி 8-ம் தேதி பிளேஆஃபில் நியூயார்க் ஜயன்ட்ஸை 38-13. அடுத்தது டல்லாஸ். நம் கணக்கில் காணும் பொங்கல் விடியற்காலை. மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கம்ப்யூட்டரில் ஸ்கோர் பார்த்தேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். 31-31. கடைசி விநாடியில் மேசன் கிராஸ்பி 51 கெஜத்திலிருந்து உதைத்தார். 34-31. விடிந்ததும் அண்ணனுக்கு போன் பண்ணி, காணும் பொங்கல் என்று சாக்கு வைத்துக்கொண்டு, கிரிக்கெட் பேசினேன்.

அதற்கடுத்த வாரம் அட்லாண்டாவிடம் 44-21. படுதோல்வி. சீசன் முடிந்தது. சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே.

எனக்கு பெரியவர் கவலை. பிப்ரவரியில் தங்கைக்கு போன் பண்ணியபோது கேட்டேன். அவள் சொன்னாள்: "அதை ஏன் கேக்கறண்ணா! சூப்பர் பௌல்ல அட்லாண்டா 28-3ன்னு முன்னால இருந்து, கடைசியில 34-28ன்னு தோத்துப்போச்சு. நம்மளை அடிச்சவன் இப்படித் தோத்தானேன்னு சந்தோஷத்துல பையன் போன் பண்ணிட்டான். ஒரு மணி நேரம். சிரிப்பு இங்க வரைக்கும் கேட்டுச்சு."

எதிரி தோற்றதில் இப்படியும் ஒரு நன்மை!

அந்தப் பங்கை விற்க முடியாது என்று சொன்னேனில்லையா? ஒரு விதிவிலக்கு உண்டு. சொந்தக் குடும்பத்துக்குள் கொடுக்கலாம். போன வருஷம் பெரியவர் அதை மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாராம். தேர்தல் பற்றி இருவரும் இன்றுவரை பேசுவதில்லை என்று தங்கை சொல்கிறாள். பேசினால் சண்டை வரும், தெரியும். வேறு பேச நிறைய இருக்கிறது.

மாயவரம் வீடு அப்படியே இருக்கிறது. வாடகையை அண்ணன்தான் வாங்குகிறார். எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. ஒவ்வொரு மேட்சுக்கும் போன் உண்டு. போன மாதம், "டேய், உன் பங்கு வாடகையை பேங்குல போட்டிருக்கேன், கணக்குப் பாத்துக்கோ" என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே, நேத்து அந்த எல்.பி.டபிள்யூ...?" என்று ஆரம்பித்துவிட்டேன்.