மூச்சடக்கி ஒரு கவளம்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வயிற்றைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள், நண்பர்களே! குழாய், வால்வு, பம்ப் இவைதானே நம் பாடம்? வாய் தொடங்கி முன்சிறுகுடல் வரை நமக்குள் இருப்பதும் அதுதான். நான் அதைப் படித்தது பரீட்சைக்காக அல்ல, என் அப்பாவுக்காக.

அப்பா சங்குக் குளியாளி. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன் பிறகும் சங்கு எங்களுக்குச் சோறு போடுகிறது. "சாப்பிட்டுட்டு முங்குனா மூச்சு நிக்காதுல" என்று சொல்லி, கடுங்காப்பியோடு கடலுக்குப் போய்விடுவார். கரைக்கு வந்தால் தலைவலி, மூட்டுவலி. அதற்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில். போன வருஷம் மலம் கறுப்பாகப் போய், ஆள் சுருண்டு விழுந்தார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பையில் புண், ரத்தம் கசிகிறது, கிருமியும் இருக்கிறது என்றார். 14 நாள் மாத்திரை. ஐந்தாம் நாள் வலி நின்றதும் அப்பா மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டார். "வலிதான் இல்லியே, பெறவு எதுக்குல மருந்து?"

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். லைப்ரரியில் எடுத்த உடலியல் புத்தகத்தோடு அன்று ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க மட்டுமில்லப்பா, சாப்பிடுற எல்லாரும் மூச்சடக்குறவங்கதான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

உண்மைதான் நண்பர்களே. வாயில் பல் அரைக்கிறது. உமிழ்நீர் சோற்றை நனைத்து, அதிலுள்ள மாவுச்சத்தை அங்கேயே உடைக்கத் தொடங்குகிறது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது! கவளம் தொண்டைக்குப் போகும்போது குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி கவிழ்ந்து, மூச்சுப்பாதை அடைபடுகிறது. அந்த ஒரு கணம் மூச்சு நிற்கிறது. அடைப்பதற்குள் ஒரு பருக்கை தப்பினால் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று ஆச்சி தலையில் தட்டுவாளே, அதுதான்.

அடுத்தது உணவுக்குழாய், சுமார் 25 சென்டிமீட்டர். சோறு அதில் சும்மா விழுவதில்லை. குழாயின் தசை மேலிருந்து அலை அலையாகச் சுருங்கித் தள்ளுகிறது. துறைமுகத்துக் கன்வேயர் நிலக்கரியை மேட்டுக்கும் ஏற்றுகிற மாதிரி, தலைகீழாக நின்று விழுங்கினாலும் சோறு இரைப்பைக்குப் போகும். குழாயின் அடியில் ஒரு சுருக்குத்தசை, நம்ம நான்-ரிட்டர்ன் வால்வு! அப்பா தலைகீழாக முங்கும்போதும் வயிற்றில் உள்ளது மேலே வராமல் காப்பது அதுதான்.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் சுரக்கின்றன. மாமிசத்தையே கரைக்கிற அமிலம் இரைப்பையைக் கரைக்காதது ஏன்? உள்சுவரில் கோழை போன்ற ஒரு பூச்சு இருக்கிறது.

"வள்ளத்துக்கு அடியில பெயிண்ட் அடிக்கலன்னா என்ன ஆகும்பா?"

"பலகை போயிரும்ல."

"அந்தப் பெயிண்டத்தான் வலி மாத்திரை சுரண்டுது. கிருமி அதுக்கு அடியில போய் உக்காந்துக்கிடுது. வலி நின்னாலும் கிருமி சாகல."

புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்றே வெகுகாலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டார்கள். யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் அவர் இரைப்பை அழன்று வாந்தி எடுத்தார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மூடி, தூங்கையில எச்சி முழுங்குனாலும் சரியா மூடுமால?" என்று கேட்டார். மூடும் என்றேன். மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். 14 நாளும் முடித்தார். வலி மாத்திரையை இப்போது டாக்டரைக் கேட்காமல் தொடுவதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளி. மருந்துச் சீட்டை நம்மிடம்தான் நீட்டுவார்கள். வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது. அப்பாவுக்குத் தெரிந்த வள்ளத்தையும் கடலையும் வைத்துச் சொல்லிப் பாருங்கள், நம் படிப்பு அவருக்கும் புரியும்.

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)