கால் வட்டமும் அரை வட்டமும்

சென்ற பள்ளி விடுமுறையில் நாமும் நம் தாயாரும் ஜொகூர்த் தோட்டத்தினின்று புறப்பட்டு, 1998இல் திறக்கப்பெற்ற துவாஸ் பாலத்தைக் கடந்து, ஜூரோங்கிலுள்ள தங்கை வீட்டை அடைந்தோம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த ஜூரோங், 1961 முதற்கொண்டு ஆலைப் பட்டணமாக மாறியதை நேயர்கள் அறிவார்கள்.

அங்கே நம் மருமான் இயந்திரக் கை ஒன்று செய்துகொண்டிருந்தான். அதன் தோளில் 9 கிராம் சர்வோ மோட்டார். சிம் லிம் டவரில் தன் சேமிப்பைக் கொடுத்து வாங்கியது. முன்னே கிடப்பதை எடுத்துப் பின்னே வைக்க அரை வட்டம் வேண்டும். அதுவோ கால் வட்டத்தோடு நின்றது. “மாமா, நீங்கள் ஆங்கிலத்தில் படித்தவராயிற்றே!” என்றான். கிராணிக்கு இதைவிட வேறென்ன புகழ்ச்சி வேண்டும்?

20 மில்லி விநாடிக்கொரு மின்துடிப்பு இம்மோட்டாருக்குச் செல்கிறது. துடிப்பு 1 மில்லி விநாடி நீடித்தால் ஒரு கோடி, 2 நீடித்தால் மறு கோடி, ஒன்றரையானால் நடு. துடிப்பை நீட்டினால் திருப்பமும் நீளுமென்று கண்டு, அளவின்றி நீட்டினோம். உள்ளிருந்த தடுப்பில் மோதிப் பற்சக்கரம் நொறுங்கிற்று. சிறுவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவே நமக்குப் போதுமான தண்டனையாயிருந்தது.

நிற்க. வேறொன்றை நம் செலவில் வாங்கினோம். உடைந்ததைத் திறந்து, தடுப்பு எங்கேயென்று கையால் திருப்பிப் பார்த்துக்கொண்டோம். அதன்பின் துடிப்பையே அளவோடு நீட்டியிருக்கலாம். ஆனால் சிறுவன் அதை மறுபடி தொடவிடவில்லை. வெளியே பற்சக்கரம் பூட்டித் திருப்பத்தை இரட்டித்தால் பலம் பாதியாகிவிடும். ஆகவே மின்தடை வைக்கும் முறையை மேற்கொண்டோம்.

“என்னப்பா செய்கிறாய்?” என்றார் தாயார். அவர் முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். நம் நாவில் ஆங்கிலச் சொற்கள் வந்து நின்றன, தமிழ் வரவில்லை. வெட்கப்பட்டு, தோட்டத்துப் பாஷையில் தொடங்கினோம்.

“அம்மா, இந்தச் சிறு பலகைதான் துரை. மோட்டார், தொழிலாளி. அச்சோடு சேர்ந்து சுழலும் இந்தப் பொட்டென்ஷியோமீட்டர், கங்காணி. எவ்வளவு வேலை முடிந்ததென்று கங்காணி சொல்வார். அது ஆணையோடு ஒத்தவுடன் துரை வேலையை நிறுத்துவார். இதன் மின்தடை 5,000 ஓம். இரு முனையிலும் 2,200 ஓம் சேர்த்தால், கங்காணி ஏறக்குறையப் பாதிக் கணக்குத்தான் சொல்வார். போதவில்லையென்று துரை மேலும் ஓட்டுவார். கால் வட்டம் கிட்டத்தட்ட அரை வட்டமாகும். பலம் குறையாது, நிற்கும் இடத்தில் மட்டும் பிசகு கூடும்.”

“கணக்கைக் குறைத்துச் சொல்லி வேலையைக் கூட்டுவது! இதற்கா பள்ளிக்கூடம் போக வேண்டும்? எனக்குத் தெரியாததா?” என்றார் அவர்.

பற்றுக்கோலைக் கீழே வைத்துவிட்டோம். தோட்டத்தில் நாள்தோறும் எடைக்கணக்கு எழுதுவது நாமல்லவா? சர்வோ என்னும் பெயரே அடிமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. கப்பற்சுக்கானைத் திருப்பும் பொறிக்கு அப்பெயரிட்டு ழோசெப் ஃபர்கோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1873இல் நூலே வெளியிட்டார். அதை அம்மாவிடம் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

மீதிப் பற்றுவைப்பைச் சிறுவனே முடித்தான். இயந்திரக் கை, தாயாரின் பாக்குத் துண்டொன்றைக் கவ்விப் பின்புறம் சென்று, தட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி வைத்தது. அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “இன்னொரு முறை திருப்பு, பார்க்கலாம்” என்றார்.