கச்சான் அடங்கட்டும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் ஏ4 வீதியில் தேற்றாத்தீவு கழிந்ததும் களுதாவளை. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் திட்டு. அதற்குள்ளே வீடு, தென்னை, மிளகாய்த் தோட்டம், வெற்றிலைத் தோட்டம், சுயம்புலிங்கப் பிள்ளையார். கோயில்களின் பட்டியலை இந்த இதழில் விட்டுவிடுகிறேன். முதல் பகுதிகளில் வந்தது எனக்கே திகட்டிவிட்டது. களுதாவளையில் எழுத வேண்டிய விஷயம் காற்று. கமராவும் ட்ரைபொட்டுமாக வாவிக்கரைக்கு வருகிறவர்கள் மணிக்கணக்கில் காற்றடங்கக் காத்திருப்பதைப் பெரிய தவமாகச் சொல்கிறார்கள். நிலக்காட்சிப் படம் பற்றிப் பேசும் எவரும் பொறுமையைப் புகழாமல் விடுவதில்லை. அந்தப் புகழ்ச்சியில் பாதி வீண் என்பது என் கட்சி. இந்தக் கரையில் காற்றுக்கு ஒரு நேரசூசிகை உண்டு. அது தெரியாமல் காத்துக் கிடப்பது, பஸ் வராத தரிப்பிடத்தில் நின்றுகொண்டு தன் பொறுமையைத் தானே மெச்சுவது போலத்தான்.

சூசிகை சிக்கலானதுமல்ல. இரவில் தரை குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவாகக் குளிராது. அதனால் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறித் தரை சூடானதும் திசை மாறிக் கடற்காற்று உள்ளே வரும். ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்குவதற்கு இடைப்பட்ட வேளை விடியலை ஒட்டி வரும். அந்தி மயங்கிய பிறகு அதேபோல இன்னொன்று, ஆனால் அது அவ்வளவு நம்பத் தகுந்ததல்ல. இதன் மேல் பருவக்காற்று வந்து உட்காருகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்து சூடேறிக் கிழக்கே இறங்குகிறது. அதுதான் கச்சான். மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை அனுபவித்த தலைமுறைக்குக் காற்று என்பது ரசனைக்குரிய விஷயமே அல்ல. இதையெல்லாம் புத்தகம் பார்க்காமலே அறிந்தவர் வெற்றிலை வளர்ப்பவர். கொடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும், காற்று நேரே அடிக்கக் கூடாது. ஆகவே அவர் காற்று நிற்கட்டும் என்று காத்திருப்பதில்லை, மறைப்புக் கட்டுகிறார். மறைப்புக்கு உள்ளே நிற்கும் இலையையும் வெளியே எட்டிப் பார்க்கும் இலையையும் ஒருசேரப் பாருங்கள். உள்ளே இருப்பது நரம்பு எண்ணலாம் போல அசையாமல் தொங்கும். வெளியே நீண்டது மெல்லிய காம்பில் சுழன்று, வெளிறிய அடிப்பக்கத்தை ஒரு கணம் காட்டி மறுகணம் திருப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இராது. காற்றில்லாத இடம் என்பது பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, இன்றைய கமராக்களை வைத்துக்கொண்டு காற்றுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்பது. ஐஎஸ்ஓவை ஏற்று, 1/250 விநாடியில் தட்டு, இலை உறைந்துவிடும். இலைக்கு இது சரி. விடியல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்று பிடிவாதம் பிடித்தால் அரை விநாடிக்கு மேல் ஷட்டர் திறந்திருக்க வேண்டிவரும், அதற்குள் வெற்றிலை பச்சைப் புகையாகிவிடும். கொஞ்சம் இறங்கிவந்தால் போதும், படத்தில் சிறு மணல்தன்மை கூடும், அவ்வளவுதான். ஆனால் வாவியின் பக்கம் திரும்பினால் இந்த வாதம் சரிந்துவிடுகிறது. தண்ணீரில் கலைந்த விம்பத்தை எந்த ஷட்டராலும் ஒட்ட முடியாது. 1/4000 விநாடியில் எடுத்தாலும் கிடைப்பது உறைந்த நெளிவு, கண்ணாடி கிடைக்காது. 1805இல் பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த காற்றளவை இன்றும் வழக்கில் இருக்கிறது. அதில் நீர் கண்ணாடி போலிருப்பது பூச்சியத்தில் மட்டும், அதாவது மணிக்கு ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த காற்றில். ஒன்றாம் படியிலேயே செதில் செதிலாகச் சிற்றலை எழுந்துவிடும். இலை சலசலப்பதோ மணிக்கு ஆறு கிலோமீற்றரைத் தொட்ட பிறகுதான். ஆகவே காதுக்குக் காற்றே இல்லை என்று படும் நேரத்திலும் வாவி முகம் கலைந்திருக்கலாம். தென்னோலையைப் பார்த்துக் காற்றை மதிப்பிடுகிறவர் வாவியில் ஏமாறுவது இதனால்தான்.

சரி, எங்கே நிற்பது? இங்கே பலருக்குத் தெரியாத ஒரு முரண் உண்டு. இந்தக் கரையில் சூரியன் கடலில் உதித்து வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மறைகிறது. அழகுக்கு அந்தி, அமைதிக்கு விடியல் என்று இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. எல்லோரும் அந்தியைத் தேர்கிறார்கள், ஏனென்றால் படங்களில் பார்த்த செக்கர் வானம் அப்போதுதான் வரும். கச்சான் காலத்தில் அதே மேற்கிலிருந்து காற்றும் வந்து, செக்கரைத் தண்ணீரில் நொறுக்கிவிடுகிறது. அதோடு காற்று நீர்மேல் ஓடும் தூரம் கூடக்கூட அலை பெருகும். வாவியின் முழு அகலத்தையும் கடந்துவந்த அலைதான் களுதாவளைக் கரையில் மோதுகிறது. அதே நேரத்தில் எதிர்க்கரையில், கண்டல் மரங்களின் ஒதுக்கில், நீர் நிம்மதியாகக் கிடக்கும். வாடைக் காலத்தில் கணக்கு தலைகீழாகும், களுதாவளை இருக்கும் எழுவான்கரைத் தென்னைகள் மறைப்பாக நிற்கும். ஆக, கச்சானில் களுதாவளையில் குந்தியிருப்பதைவிடத் தெற்கே பட்டிருப்புப் பாலத்தால் படுவான்கரைக்குப் போய்விடுவது நல்லது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் படகுப்பாதையும் நெடுங்காலமாக இருக்கிறது. வடக்கே மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் சுற்றுவதும் குறைந்துவிட்டது. இடம் மாறினால் தீர்ந்துபோகும் காரியத்துக்குப் பொறுமை எதற்கு?

காத்திருக்கவும் வேண்டாம், கடக்கவும் வேண்டாம், காற்றடித்த கரையையும் காற்றடங்கிய நீரையும் தனித்தனியே எடுத்துக் கணினியில் ஒட்டிவிடலாம் என்பார் இன்னொருவர். இது புதிய குறும்பு அல்ல. 1850களில் பிரான்ஸில் குஸ்தாவ் லு கிரே வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒன்று என்று எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். அவருக்கு நியாயம் இருந்தது. அன்றைய தகட்டில் வானத்துக்குச் சரியான வெளிச்சம் கொடுத்தால் கடல் இருண்டுவிடும். 1860களில் இமயமலையில் படம் பிடித்த சாமுவேல் போர்னுக்கும் காத்திருக்க எல்லை இருந்தது. ஈரத்தகடு காய்வதற்குள், சில நிமிடங்களில், எடுத்துக் கழுவி முடித்தாக வேண்டும். கூலியாட்கள் சுமந்துவந்த கூடாரத்தை அங்கேயே விரித்துத்தான் கழுவினார். காற்று அதற்குள் நிற்காவிட்டால் அந்தத் தகடு வீண். இவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு வழி இருக்கிறது, நாளை விடியும். ஒட்டிய படத்தைச் சொல்லிவிட்டுக் காட்டினால் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தென்னோலையெல்லாம் கடல் பக்கம் பறக்க, கீழே வாவி கண்ணாடியாகக் கிடக்கும் படத்தைப் பார்த்தால் இந்த ஊர்ச் சின்னப்பிள்ளையும் சிரிக்கும்.

எனக்குக் கொஞ்சம் கடினமாக இருப்பது மூன்றாவது மறுப்பு. கச்சான் இந்த ஊரின் உண்மை, அதைத் துடைத்துவிட்டு ஒரு பொய்யான அமைதியைக் காட்டுவானேன்? நியாயமான கேள்வி. கச்சானைப் படமெடுக்க விரும்புகிறவர் கால் விநாடிக்கு ஷட்டரைத் திறந்துவைத்து, தண்டு நிற்க ஓலை ஓடுவதைப் பிடிக்கட்டும். அது நல்ல படமாக வரும், காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் அமைதியும் இந்த வாவிக்குப் பொய்யல்ல. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் மட்டக்களப்பில் பாடும் மீன் ஓசையைத் தேடி நிலவில் படகேறினார். அப்போது காற்று மூச்சுக்கூட விடவில்லை, துடுப்புப் பட்ட இடத்தைத் தவிர நீர் அசையவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். பகல் முழுக்கக் கச்சான் அடிக்கும் பருவத்தின் வால்பக்கம் அது. கச்சானும் அமைதியும் ஒரே நாளுக்குள் வருகின்றன. எது வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு வருவதுதான் முறை.

வருகிறவர்களின் நடத்தை பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அசையாத நீருக்காக ஒரு மணி நேரம் நிற்கிறவர், வீச்சுவலைக்காரரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்க ஒரு நிமிடம் நிற்பதில்லை. தோணி நீரைக் கலைத்துவிட்டது என்று முகம் சுளிப்பவரும் உண்டு. வாவி தோணிக்காரருடையது, ஐயா. கரையில் சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றைப் போட்டுவிட்டுப் போவது உள்ளூரார், வெளியூரார் இருவரும் சேர்ந்து செய்யும் காரியம். கச்சான் அதைத் தூக்கிப்போய் வேலியிலும் கண்டல் வேரிலும் மாட்டுகிறது, பிறகு படமெடுப்பவர் அதைக் கணினியில் அழித்துக்கொள்கிறார். குனிந்து பொறுக்கினால் அந்த வேலை மிச்சம். இன்னும் மோசமானது ஆட்டோப் பேரம். தான் காத்திருப்பதைக் கலை என்று மெச்சிக்கொள்கிறவர், தனக்காக வீதியோரம் காத்திருக்கும் ஆட்டோக்காரர் அதற்குக் காசு கேட்டால் கொள்ளை என்கிறார். இருட்டோடு எழுந்து வந்து, இரண்டு பள்ளிக்கூடச் சவாரியை விட்டுக்கொடுத்து நிற்கிற மனிதர் அவர். காற்று எப்போது அடங்கும் என்று முன்னாடியே விசாரித்துவைத்தால் காத்திருப்புக் கூலியும் குறையும், அதை முகம் கோணாமல் கொடுக்கவும் மனம் வரும்.

(அடுத்த இதழில் மண்டூர்)