சட்டைக்குள் அடங்கும் அளவு

விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன், உட்துறைமுக வீதியிலுள்ள எமது வீட்டில் ஒரு பிற்பகல் பழைய பத்திரிகைத் தாளொன்றை மேசையில் விரித்து, அடிமட்டத்தை வைத்து மூன்று கைத்துப்பாக்கிகளை முழு அளவில் வரைந்தான். அவன் ஹூஸ்ரனில் கணினித் துறையில் தொழில் புரிபவன். டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பிய எவரும் அனுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கியை உடன் கொண்டு செல்லலாம். திரும்பிப் போனதும் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்குவது என்பதே அவனுடைய அன்றைய ஆராய்ச்சி.

அவன் வைத்திருப்பது குளொக் 19. நீளம் 18.7 சென்ரிமீற்றர், 15 ரவைகள் கொள்ளும். ஹூஸ்ரன் வெயிலில் மெல்லிய சட்டைக்கு மேலால் அது தெரிகிறதாம். 2015இல் வெளிவந்த குளொக் 43 நீளத்தில் 15.9தான், ஆனால் ஆறு ரவைகளோடு முடிந்துவிடும். 2018இல் வந்த சிக் சவர் பி365 அதிலும் குறுகியது, 14.7. ஆயினும் பத்து ரவைகள்.

இதிலுள்ள சூட்சுமம் ரவைகளை அடுக்கும் முறையில் இருக்கிறது. சிறிய துப்பாக்கிகளில் வழக்கமாக அவை ஒன்றின்மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் நிற்கும். ஒன்றுவிட்டு ஒன்று விலக்கி அடுக்கினால் கூடுதலாகக் கொள்ளும், ஆனால் கைபிடி தடித்துவிடும். நாம் செய்திகளில் ‘9 மில்லிமீற்றர்’ என்று எழுதிப் பழகிய ரவையைச் சுடும் பிறவுணிங் ஹைபவர், 1935இலேயே அப்படி அடுக்கி 13 ரவைகளைக் கொண்டிருந்தது. அதன் நீளமோ 20 சென்ரிமீற்றர் அளவு, வெற்றெடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே உபாயத்தை உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய கைபிடியொன்றுக்குள் புகுத்தியதுதான் பி365இன் வெற்றி.

“நீ நீளத்தை அளக்கிறாய் தம்பி. நீளம் காற்சட்டைக்குள்ள போயிடும். வெளியில நிக்கிறது கைபிடி. மேலிருந்து கீழ உயரத்தை அள” என்றேன்.

அளந்தான். குளொக் 19 ரவைக்கூட்டோடு 12.8 சென்ரிமீற்றர். மற்ற இரண்டும் ஏறத்தாழ 11.

“மாமா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?”

எப்படித் தெரியாதிருக்கும்? 2005 முதல் சில ஆண்டுகள் திருமலையில் செய்தியாளனாக இருந்தவனுக்கு, எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் இடுப்பைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் இருவர். பின்னால் இருப்பவரின் சட்டை வெளியே தொங்குகிறதா? நெஞ்சை நிமிர்த்தி, குனிய முடியாதவர்போல் இருக்கிறாரா? இறங்கியதும் ஒரு பக்கத்தை மட்டும் கையால் நீவி விடுகிறாரா? நிற்கும்போது மறையும் கைபிடி, இருந்தெழும்பும்போது துணியைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்பது வேறு. நாங்கள் செய்ததெல்லாம் வீதியின் மறுபுறம் போனதுதான்.

செய்தியாளர்களாகிய எமக்கு எதிர்மாறான பிரச்சினையும் இருந்தது. சோதனைச்சாவடியில் நிற்பவருக்கு எமது இடுப்பு வெறுமையாகத் தெரிய வேண்டும். அதனால் சட்டையை உள்ளே விட்டு அணியத் தொடங்கினேன். இன்றும் அப்படித்தான். மகள் கேலி செய்கிறாள்.

2006 ஜனவரி 2ஆம் திகதி எமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றே முதலில் சொல்லப்பட்டது. சக செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்து, ‘சுடர் ஒளி’ வெளியிட்ட படங்கள் தலைகளிலிருந்த சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்வதற்காக ஆளுநர் செயலகத்துக்கு அருகே காத்து நின்ற அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் சந்தேகநபர்களான விசேட அதிரடிப்படையினர் 13 பேர் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். சுகிர்தராஜன் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

மருமகன் நெடுநேரம் பேசாமலிருந்தான். பின்னர், “அவரிட்ட ஒண்டு இருந்திருந்தா?” என்று கேட்டான்.

அதே கேள்வியை அடுத்த மாதமே இன்னொருவர் என்னிடம் வேறுவிதமாகக் கேட்டிருந்தார். அவர் யார் என்பதை எழுதப்போவதில்லை. என்மேல் அக்கறை கொண்டவர். அதை மட்டும் சொல்லலாம். ஓரிரவு வீட்டுக்கு வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியொன்றை மேசையில் வைத்தார். அனுமதிப்பத்திரம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எழுந்து நின்று அதை இடுப்பில் செருகிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: முதல் நிமிடம் தைரியமாகத்தான் இருந்தது. கதிரையில் அமர்ந்தபோது கைபிடி வயிற்றில் குத்தியது. சட்டையை இழுத்து விட்டேன். மறைந்ததா என்று குனிந்து பார்த்தேன். மூன்று மாதங்களாக நான் வீதியில் பயந்து பார்த்துவந்த அத்தனை அசைவுகளையும் என் கைகளே செய்துகொண்டிருந்தன.

குசினி வாசலில் நின்ற மனைவி, “நாளைக்கு இதோடதான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போகப் போறீங்களோ?” என்று கேட்டார்.

வந்தவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பொருள் பழையபடி தாளுக்குள் போய்விட்டது.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. வேலைக்குப் போக வீதியோரம் நிற்பவனுக்கு, சுட வருபவன் யாரென்று சுட்ட பிறகுதான் தெரியும். 14.7 சென்ரிமீற்றரோ 20 சென்ரிமீற்றரோ, அதை எடுக்கும் நேரம் அவனுக்குக் கிடையாது. நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்பவனுக்கே மறைத்து வைப்பதன் பயன் முழுதாகக் கிடைக்கிறது. அவனுக்குச் சிறிய துப்பாக்கிகூடத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்தில் கைதியொருவரைச் சுட்டுக் கொன்றவர் சட்டத்தரணி உடையில் வந்தார். ரிவோல்வரோ, சட்டப் புத்தகமொன்றின் பக்கங்களைத் துப்பாக்கி வடிவில் வெட்டியெடுத்த குழிக்குள் இருந்தது.

“டெக்சாஸ் வேற மாமா” என்றான். வேறுதான். அங்கு கடையில் வாங்கலாம். இங்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பாதுகாப்பு அமைச்சு தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கியிருந்த துப்பாக்கிகளையே மீளாய்வுக்காக 2024 நவம்பரில் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. ஆனால் அவனுக்கும் அங்கு மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருமுறை கடைத் தெருவில் அவனை மறித்துப் பணம் பறித்திருக்கிறார்கள். அந்த இரவின் நடுக்கம் அவன் குரலில் இன்னும் இருக்கிறது. நான் மேலும் வாதிடவில்லை.

அவன் போய் மூன்று வாரங்களின் பின் தொலைபேசியில் ஒரு படம் வந்தது. பி365ஐயே வாங்கிவிட்டான். நீலச் சட்டை வெளியே தொங்க, நேராக நிற்கிறான். ‘தெரியுதா மாமா?’ என்று கேட்டு எழுதியிருந்தான்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ‘வலப்பக்கம். ஒருக்கா இருந்திட்டு எழும்பி நிண்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு’ என்று பதில் அனுப்பினேன். இன்னும் அனுப்பவில்லை.